பள்ளிப்படையும் பள்ளிக்கூடமும்

லக்னோ போய்த் திரும்பியவர்களிடம் கான்ஸ்டான்ஷியா மாளிகையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். கிளாட் மார்ட்டின் என்ற பிரெஞ்சுக்காரத் தளபதி கோமதி ஆற்றங்கரையில் ஒரு மாபெரும் மாளிகை கட்டினார். அவத் நவாபுக்கு அதன்மேல் ஆசை. தான் கண்ணை மூடியதும் நவாப் அதைப் பிடுங்கிக்கொள்வார் என்று பயந்த மார்ட்டின், தன் உடலை அந்த மாளிகையின் நிலவறையிலேயே புதைக்க வேண்டும் என்று உயில் எழுதிவைத்தார். கல்லறை இருக்கும் வீட்டை முஸ்லிம் மன்னர் தொடமாட்டார் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்குப் பலித்தது, மாளிகை தப்பியது. வழிகாட்டிகள் இதைச் சொல்கிறார்கள். பயணக் கட்டுரைகள் இதை எழுதுகின்றன. படித்தவர்களும் தலையாட்டிவிட்டு, கெட்டிக்கார மனுஷன் என்று ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறார்கள்.

இந்தக் கதை நிற்காது. ஆண்டுக் கணக்கு அதற்கு எதிராக இருக்கிறது. உயிலின் வாசகம் எதிராக இருக்கிறது. 1857-இல் அந்தக் கல்லறைக்கு நேர்ந்த கதி எல்லாவற்றையும்விட எதிராக இருக்கிறது. தப்பும் சின்னத் தப்பல்ல. பிடுங்கியவர் யார், பறிகொடுத்தவர் யார் என்பதையே இது தலைகீழாக்கிவிடுகிறது. மார்ட்டின் விட்டுப்போன நினைவுச்சின்னம் எதனால் உயிர்பிழைத்தது என்பதையும் மறைத்துவிடுகிறது. அதற்கான விடை லக்னோவின் நிலவறையில் இல்லை. ஆயிரம் கிலோமீட்டர் கிழக்கே, கொல்கத்தாவில் இருக்கிறது.

முதலில் ஆளைப் பார்ப்போம். 1735 ஜனவரியில் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர் மார்ட்டின். வினிகர் வியாபாரியின் மகன். பதினாறு பதினேழு வயதில் பிரெஞ்சுக் கம்பெனியின் சாதாரணப் படைவீரனாகச் சேர்ந்து, 1752-இல் புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஆனந்தரங்கப் பிள்ளை நாள்தவறாமல் குறிப்பெழுதிக்கொண்டிருந்த அதே புதுச்சேரி, துய்ப்ளே ஆண்ட புதுச்சேரி. பிரெஞ்சுத் தளபதி லாலியின் காலத்தில், 1760-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டபோது மார்ட்டின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டார். பின்பு ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் பதவி கிடைத்தது. ரென்னலின் நில அளவைப் பணியில் வேலை செய்தார். 1776-இல் லக்னோவில் நவாபின் ஆயுதச்சாலைக்கு மேற்பார்வையாளரானார். அவுரி பயிரிட்டார், வீடுகளை வாடகைக்கு விட்டார், நவாபுக்கும் அவர் பரிவாரத்துக்கும் வட்டிக்குக் கொடுத்தார். மூன்றாம் மைசூர்ப் போரில் கார்ன்வாலிஸோடு திப்புவுக்கு எதிராகத் தெற்கே வந்தார். 1795-இல் மேஜர் ஜெனரல் ஆனார். 1800 செப்டம்பர் 13-இல் லக்னோவில் இறந்தபோது, இந்தியாவிலிருந்த ஐரோப்பியரில் பெரும் பணக்காரர் வரிசையில் இருந்தார். அவர் விருப்பப்படியே, இன்னும் கட்டி முடியாத கான்ஸ்டான்ஷியாவின் நிலவறையில் அடக்கம் செய்தார்கள். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துத் துக்கம் காக்கும் நான்கு சிப்பாய்களின் ஆளுயரச் சிலைகள் கல்லறையின் நான்கு மூலையிலும் நின்றன.

இனி கதைக்கு வருவோம். ஆசைப்பட்ட நவாப் யார்? ஆசஃப்-உத்-தௌலா என்பார்கள். மாளிகைக்கு அவர் பெருந்தொகை விலை பேசினார் என்றும் சிலர் சேர்ப்பார்கள். விலை பேசினார் என்பதே கதைக்கு இடிக்கிறது. பிடுங்க நினைப்பவர் எதற்கு விலை பேசுகிறார்? அதை விடுவோம். ஆசஃப்-உத்-தௌலா 1797 செப்டம்பரில் இறந்துவிட்டார். மார்ட்டினின் உயில் 1800 ஜனவரி 1-ஆம் தேதியிட்டது. இறந்து இரண்டு ஆண்டுக்கு மேலான ஒருவரிடமிருந்து வீட்டைக் காப்பாற்ற யாரும் உயில் எழுதமாட்டார்கள்.

அப்படியானால் அடுத்த நவாப் சாதத் அலி கானுக்குப் பயந்தார் என்று கதையைத் திருத்திக்கொள்ளலாமா? சாதத் அலி கான் அரியணை ஏறியது எப்படி என்று பாருங்கள். 1798 ஜனவரியில் கவர்னர் ஜெனரல் ஜான் ஷோர் தாமே லக்னோவுக்கு வந்து, அரியணையில் இருந்த வசீர் அலியை இறக்கிவிட்டு, இவரை உட்காரவைத்தார். அதற்கு விலையாக ஆண்டுக்கு 76 லட்சம் ரூபாய் கம்பெனிக்குக் கட்ட ஒப்புக்கொண்டார், அலகாபாத் கோட்டையையும் கொடுத்தார். கம்பெனி தயவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், கம்பெனிப் படையின் மேஜர் ஜெனரல் விட்டுப்போன சொத்தில் கைவைப்பார் என்று மார்ட்டின் நடுங்கினாராம். ஐம்பது ஆண்டு இந்திய அரசியலை உள்ளிருந்து பார்த்தவர் அவர். அதிகாரம் எந்தக் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா?

அவருடைய இன்னொரு வீட்டின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். லக்னோவில் கோமதிக் கரையிலேயே ஃபர்ஹத் பக்ஷ் என்று ஒரு வீட்டை 1780-களின் தொடக்கத்தில் கட்டி, கடைசிவரை அதில்தான் வாழ்ந்தார். அங்கே கல்லறை எதுவும் இல்லை, காவலுக்கு ஆவியும் இல்லை. மார்ட்டின் இறந்த பிறகு சாதத் அலி கான் அந்த வீட்டை என்ன செய்தார்? பணம் கொடுத்து வாங்கினார். கல்லறை இல்லாத வீட்டையே காசு கொடுத்து வாங்கிய நவாபை, கல்லறையைக் கண்டு பின்வாங்கிய திருடனாகக் கதை காட்டுகிறது.

அந்த ஆண்டுகளில் அவத்தில் பிடுங்கல் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. நடந்தது. மார்ட்டின் இறந்த பதினான்காம் மாதம், 1801 நவம்பரில், கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி, சாதத் அலி கானை நெருக்கி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினார். ரோஹில்கண்ட், கோரக்பூர், கங்கைக்கும் யமுனைக்கும் நடுவிலுள்ள சமவெளி என்று அவத்தில் ஏறக்குறைய பாதி கம்பெனிக்குப் போனது. பாதி நாட்டைப் பறிகொடுத்தவர் ஒரு வீட்டைப் பறிக்கக் காத்திருந்ததாகச் சொல்லும் கதையை இருநூறு ஆண்டுகளாக நாமும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கதை யாருக்கு வசதியாக இருந்தது என்று கேட்டால் அது ஏன் பரவியது என்று புரிந்துவிடும். பேராசை பிடித்த, மூடநம்பிக்கை கொண்ட கீழ்த்திசை அரசன், அவனைப் புத்தியால் வென்ற ஐரோப்பியன். 1856-இல் அவத்தை முழுதாக விழுங்கியவர்களுக்கு இதைவிட இதமான கதை வேறு கிடைக்காது.

உயிலையே எடுத்துப் பார்ப்போம். தன் உடலைப் பதப்படுத்தி ஈயப்பெட்டியில் வைத்து, அதைச் சீசம் மரப்பெட்டிக்குள் வைக்க வேண்டும் என்பதுவரை எழுதிய மனிதர் அவர். எதையும் விட்டுவைக்கிற ஆள் அல்ல. கான்ஸ்டான்ஷியாவைப் பற்றி அவர் சொல்வது இது: அந்த வீட்டை ஒருபோதும் விற்கக்கூடாது, தன் உடல் கிடக்கும் நினைவுமண்டபமாக அது இருக்க வேண்டும், அதோடு ஆங்கிலமும் கிறிஸ்தவ சமயமும் கற்பிக்கும் கல்விச்சாலையாகவும் இயங்க வேண்டும். விற்கக்கூடாது என்ற தடை யாரை நோக்கியது? நவாப் அந்த வீட்டை விற்க முடியாது. விற்கக்கூடியவர்கள் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்தவர்கள், பங்குக்கு வரக்கூடிய உறவினர்கள். பூட்டு எந்தக் கதவில் போடப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தாலே, வீட்டுக்காரர் பயந்த ஆள் யார் என்று தெரியும். மார்ட்டின் தம் ஆட்களின் கையைத்தான் கட்டினார். கல்லறையும் கல்விச்சாலையும் அந்த உயிலில் ஒன்றாகவே வருகின்றன என்பதும் முக்கியம். கதை முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கழற்றிவிட்டது.

வாழ்ந்த இடத்திலேயே அடக்கமாவது விசித்திரமான தந்திரம் என்று நினைப்பவர்கள் அவத்தை அறியாதவர்கள். உயிரோடிருக்கும்போது தோட்டமாக அமைத்து அனுபவித்த இடத்திலேயே இறந்தபின் அடக்கமாவது முகலாயப் பிரபுக்களின் பழக்கம். ஆசஃப்-உத்-தௌலாவின் தந்தை சுஜா-உத்-தௌலா ஃபைசாபாத்தில் குலாப் பாரி என்னும் ரோஜாத் தோட்டத்தின் நடுவில் கிடக்கிறார். ஆசஃப்-உத்-தௌலா, 1784-இன் பஞ்சத்தில் பிழைப்பற்றவர்களுக்குக் கூலி கொடுத்துக் கட்டத் தொடங்கிய பெரிய இமாம்பாராவின் நடுக்கூடத்திலேயே அடங்கியிருக்கிறார். அங்கே முஹர்ரம் மாதத்தில் ஊர் கூடும், துக்கம் பாடும், சோறு பங்கிடும். கல்லறை ஒன்று, அதைச் சுற்றி உயிருள்ள மனிதர் கூடும் கூடம் ஒன்று. மார்ட்டின் கால் நூற்றாண்டு அந்த ஊரில் வாழ்ந்தவர், நவாபின் கட்டட மோகத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இமாம்பாரா கட்டப்பட்டபோது அதே ஊரில் இருந்தவர். லாக்பேரா என்னும் தோப்பில் அவர் கட்டிய கான்ஸ்டான்ஷியா மாளிகை அந்த மண்ணின் வழக்கத்தைக் கற்றுக்கொண்ட ஒருவரின் கட்டடம். அவரைச் சூழ்ச்சிக்காரர் என்று புகழ்வதைவிட, அவர் ஊரிடம் பாடம் கேட்டவர் என்று ஒப்புக்கொள்வது உண்மைக்கு நெருக்கம்.

தமிழருக்கு இது புதிதாகத் தோன்றக்கூடாது. நம்மிடம் பள்ளிப்படை இருக்கிறது. சோழ அரசர், அரசியரின் உடலோ சாம்பலோ இருக்கும் இடத்தின்மேல் எழுப்பிய கோயிலுக்கு அந்தப் பெயர். பட்டீஸ்வரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் தன் சிற்றன்னை பஞ்சவன் மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை இன்றும் நிற்கிறது. நம் முன்னோர் அரசியின் அடக்கத்தின்மேல் வெறும் கல்லை நட்டுவிட்டுப் போகவில்லை. கோயிலெடுத்து, விளக்குக்கு நெய்யும் பூசைக்கு நெல்லும் வேலைக்கு ஆளும் ஏற்படுத்தினார்கள். கல் தனியே நிற்காது, நாள்தோறும் யாராவது வந்து ஒரு காரியம் செய்தால்தான் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பள்ளி என்ற சொல்லே நமக்கு இரண்டு வேலை செய்கிறது. கண்மூடிக் கிடக்கும் இடமும் பள்ளி, பிள்ளைகள் எழுத்துப் படிக்கும் இடமும் பள்ளி. மார்ட்டின் தமிழ் அறிந்தவரா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. அவர் உயில் அந்த இரண்டு பொருளையும் ஒரே கூரையின்கீழ் வைத்தது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போவது நியாயமல்ல. லக்னோவில் பள்ளி திறந்தது 1845-இல்தான். அதுவரை நாற்பத்தைந்து ஆண்டுகள் கான்ஸ்டான்ஷியா பள்ளியாக இல்லை, ஆனாலும் யாரும் அதைப் பிடுங்கவில்லை. அப்படியானால் கல்லறைதானே காத்தது என்று கேட்பார்கள். அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் லக்னோவில் கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் உட்கார்ந்திருந்தார், சொத்து கொல்கத்தா நீதிமன்றத்தில் வழக்கில் இருந்தது. ஈயப்பெட்டிக்குள் கிடந்தவருக்கு இதில் பங்கு என்ன? காத்தது கல்லறையா, ரெசிடெண்டும் நீதிமன்றமுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், அவர்கள் கை எட்டாத ஒரு நாள் வர வேண்டும். அந்த நாள் 1857-இல் வந்தது.

கிளர்ச்சி வெடித்ததும் பள்ளியின் பிள்ளைகளை ஆசிரியர்கள் ரெசிடென்சி வளாகத்துக்கு அழைத்துப் போனார்கள். முற்றுகைக் காலம் முழுவதும் அந்தப் பிள்ளைகள் அங்கேதான் இருந்தார்கள், காவலில் பங்கெடுத்தார்கள். கான்ஸ்டான்ஷியாவில் வகுப்பு இல்லை, மணியோசை இல்லை. கல்லறை மட்டும் தனியே இருந்தது. கதை உண்மையானால் அன்றுதான் அது தன் வேலையைக் காட்டியிருக்க வேண்டும். நடந்தது வேறு. மாளிகையைப் பிடித்த கிளர்ச்சிக்காரர்கள் நிலவறைக்குள் இறங்கிக் கல்லறையைத் திறந்தார்கள். எலும்புகள் வெளியே சிதறின. துக்கம் காத்த நான்கு கற்சிப்பாய்களும் அழிந்தார்கள். பிறகு எலும்புகளைப் பொறுக்கி மறுபடி புதைத்தார்கள். சிலைகள் திரும்பவில்லை, பிள்ளைகள் திரும்பினார்கள். பிள்ளைகள் திரும்பியதால்தான் இன்று அந்தக் கல்லறையைப் பார்க்க நம்மால் போக முடிகிறது. கல்லறை பள்ளியைக் காத்ததா, பள்ளி கல்லறையைக் காத்ததா என்ற கேள்விக்கு 1857 ஒரே முறை பதில் சொன்னது. அந்தப் பதில் போதும்.

கல்லறை நிலத்தைக் காக்கும் என்று இன்னும் நம்புகிறவர்கள் கொல்கத்தாவின் பார்க் தெருவில் ஒரு நடை நடக்கலாம். 1767-இல் திறந்த தெற்குக் கல்லறைத் தோட்டம் மரநிழலில் இன்றும் இருக்கிறது. பிரமிடுகளும் குவிமாடங்களுமாக இறந்தவர்களின் ஒரு சிறு நகரம். அந்தத் தெருவோரம் வேறு கல்லறைத் தோட்டங்களும் இருந்தன. வடக்குக் கல்லறைத் தோட்டம் இன்று இல்லை. பிரெஞ்சுக் கல்லறைத் தோட்டம் என்றே பெயர் வாங்கிய ஒன்று இருந்தது, டிரெட்டா என்ற இத்தாலியர் 1796-இல் தம் இளம் மனைவிக்காக ஏற்படுத்தியது. அதுவும் இல்லை. அந்த நிலங்களில் இருபதாம் நூற்றாண்டில் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அங்கே கிடந்தவர்களும் கிறிஸ்தவர்கள்தாம், அவர்கள் மேலிருந்த கல்லும் கல்தான். ஆனால் அவர்கள் பெயரால் நாள்தோறும் எதையாவது செய்ய வேண்டிய பொறுப்பு யாருக்கும் இருக்கவில்லை.

அதே கொல்கத்தாவில், பார்க் தெருவிலிருந்து நடக்கும் தூரத்தில், மார்ட்டினின் நினைவுச்சின்னம் உயிரோடிருக்கிறது. அங்கே அவர் எலும்பு ஒன்றும் இல்லை. லவுடன் தெரு என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்லும் சாலையிலும் அதை ஒட்டிய ராவ்டன் தெருவிலும் ஆண்களுக்கும் பெண்களுக்குமாக நடக்கும் லா மார்ட்டினியேர் பள்ளிகள்தாம் அது. கொல்கத்தாவில் பள்ளி ஏற்படுத்த உயிலில் அவர் முதலில் ஒதுக்கிய தொகை 2 லட்சம் சிக்கா ரூபாய். ஆண், பெண் இருபால் குழந்தைகளையும் சேர்க்க வேண்டும், படிப்பு முடிந்ததும் தொழில் பழக இடம் பார்த்துக்கொடுக்க வேண்டும், வயது வந்ததும் திருமணத்துக்கும் உதவ வேண்டும், நன்றாக நடந்துகொள்ளும் பிள்ளைக்கு ஆண்டுதோறும் பரிசு கொடுக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினார். ஆதரவற்ற பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியவை இவை என்பது அந்த விவரங்களிலேயே தெரிகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத் தொழில் பழக இடம் தேடித்தர வேண்டியதில்லை.

அந்தப் பணம் பள்ளியாவதற்கு முப்பத்தாறு ஆண்டுகள் ஆயின. கொல்கத்தா சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு வளர்ந்தது. ஒரு தலைமுறை வளர்ந்து, எழுத்து படிக்காமலே முதிர்ந்தது. கடைசியில் 1836 மார்ச் 1-ஆம் தேதி பள்ளி திறந்தது. அதே 1836-இல் இந்த உயிலைப் பற்றிய வழக்கு ஒன்றில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது. மார்ட்டின் பிறந்த லியோன் நகரின் மேயர் ஒரு பக்கம், கிழக்கிந்தியக் கம்பெனி மறுபக்கம். வெளிநாட்டவர் நிலம் வைத்திருக்க முடியாது என்ற இங்கிலாந்துச் சட்டம் கல்கத்தாவில் செல்லுமா என்பது கேள்விகளில் ஒன்று. செல்லும் என்று தீர்ந்திருந்தால், பிரான்சில் பிறந்த மார்ட்டின் கல்கத்தாவில் வைத்திருந்த நிலம் பிரிட்டிஷ் மகுடத்தின் கைக்குப் போயிருக்கும். செல்லாது என்றார்கள். இங்கிலாந்தின் சட்டம் எந்த அளவுக்கு இந்தியாவில் செல்லும் என்று படிக்கும் சட்ட மாணவர்கள் இன்றும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். மார்ட்டினின் சொத்து நிஜமாகவே ஆபத்தில் நின்ற இடம் எது என்று இப்போது பாருங்கள். லக்னோ அரண்மனையில் அல்ல, நீதிமன்ற மேசையில். அங்கே அதைக் காத்தது நிலவறையில் கிடந்த உடலல்ல. ஒரு தாளில் எழுதிய கடமை.

அந்தத் தாளில் இன்னொரு கடமையும் இருந்தது. கடனைக் கட்ட முடியாமல் சிறையில் கிடக்கும் ஏழைகளை மீட்க மார்ட்டின் பணம் ஒதுக்கியிருந்தார். காலம் மாறிக் கடன் சிறைகளில் ஆள் குறைந்து பணம் மிஞ்சியபோது, அதை என்ன செய்வது என்ற வழக்கு 1876-இல் மறுபடி பிரிவி கவுன்சில்வரை போனது. செத்து எழுபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஒரு மனிதரின் சொல், இன்னும் யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்று நீதிபதிகளை உட்கார்ந்து யோசிக்க வைக்கிறது. நினைவுச்சின்னம் என்ற சொல்லுக்கு நான் இதைத்தான் பொருளாகக் கொள்வேன்.

இங்கே வேறொரு பக்கத்திலிருந்து மறுப்பு வரும். வட்டியிலும் ஆயுத வேலையிலும் வந்த பணத்துக்கு இவ்வளவு புகழா, இது அவர் பாவத்தைக் கழுவும் வேலையல்லவா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது, அதை மென்று விழுங்க எனக்கு விருப்பமில்லை. மார்ட்டின் ஒன்பது வயதுப் பெண்குழந்தை ஒன்றை விலைக்கு வாங்கினார். பூலோன் லீஸ் என்ற அந்தப் பெண் பின்பு அவரோடு வாழ்ந்தார். வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். உயிலில் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்தார், பூலோனுக்கு மாதப்படி ஏற்படுத்தினார், தம் செயலை விளக்கவும் முயன்றார். விளக்கம் செயலை மாற்றிவிடாது. பள்ளியும் நெடுங்காலம் ஐரோப்பிய, ஆங்கிலோ-இந்தியக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மட்டுமே கதவு திறந்தது. அவத்தின் கடனிலிருந்தும் அவுரி வயலிலிருந்தும் வந்த பணத்தில், அவத்தின் குழந்தைக்கும் வங்கத்தின் குழந்தைக்கும் நூறாண்டு இடமில்லை.

இவை எல்லாம் உண்மை. ஆனால் இந்த உண்மைகளை மறைப்பது எது என்று பாருங்கள். கெட்டிக்காரத் தளபதியின் கல்லறைத் தந்திரம் என்ற கதைதான் மறைக்கிறது. அந்தக் கதையைக் கேட்டவர் சிரித்துவிட்டு வெளியே வருவார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்கமாட்டார். பூலோன் யார் என்று கேட்கமாட்டார், அவர் கல்லறையும் அதே வளாகத்தில் இருக்கிறது என்பதைக் கவனிக்கவும்மாட்டார். உயிலைப் படித்தவருக்கோ எதுவும் ஒளியாது. அதில் வள்ளன்மையும் இருக்கிறது, வாங்கிய குழந்தையும் இருக்கிறாள். பாவத்தைக் கழுவுவது என்பது ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவது. உயில் இரண்டு பக்கத்தையும் தன் வாயாலேயே சொல்கிறது. கல்லறையை நினைவுச்சின்னமாகக் கொண்டால் பார்த்துவிட்டு வந்துவிடலாம். உயிலை நினைவுச்சின்னமாகக் கொண்டால் கணக்குக் கேட்கலாம். நான் இரண்டாவதன் பக்கம் நிற்பது மார்ட்டினைப் போற்றுவதற்காக அல்ல. கணக்குக் கேட்கும் உரிமை அதில்தான் இருக்கிறது.

கல் தானாக நிற்காது என்பதற்கு வேறோர் ஊரிலும் சான்று உண்டு. ஹைதராபாத்தில் நிஜாமின் பிரெஞ்சுப் படைத்தலைவர் ரேமோனின் கல்லறை ஒரு குன்றின்மேல் இருக்கிறது. 1798-இல் இறந்தவர். அங்கேயிருந்த தூண்மண்டபம் 2001-இல் பெய்த மழையில் இடிந்து விழுந்தது, பிறகு திரும்பக் கட்டினார்கள். அந்த ஊர் மக்கள் தலைமுறைகளாக ரேமோன் என்ற பெயரைத் தம் வாயில் மூசாராம் என்று வைத்துக்கொண்டிருந்ததால்தான் திரும்பக் கட்ட வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வந்தது என்று நான் நினைக்கிறேன். கல் விழும். விழுந்த கல்லை எடுத்து நிறுத்த ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணம் செத்தவரிடமிருந்து வராது.

கொல்கத்தாவில் மார்ட்டினின் முகத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் விக்டோரியா நினைவகத்துக்குப் போகலாம். ஜோஹன் ஸொஃபனி 1786-வாக்கில் தீட்டிய ஓவியம் அங்கே இருக்கிறது. போலியே, மார்ட்டின், வோம்ப்வெல், ஓவியர் என்று நண்பர்கள் கூடியிருக்கும் லக்னோ வீட்டு அறை. படத்தில் இருப்பது செல்வமும் நட்பும் சுற்றி நிற்கும் வேலையாட்களும். அதைப் பார்த்துவிட்டு அவர் பெயரிலுள்ள பள்ளிவரை வந்தால், மனிதர் எதைச் சேர்த்தார், எதை விட்டுப்போனார் என்ற இரண்டும் ஒரே நாளில் கண்ணில் படும். லக்னோ நிலவறையில் அந்த இரண்டில் எதுவும் தெரியாது.

ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 13-ஆம் தேதி நிறுவனர் நாள் வருகிறது. அன்றைக்கு அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள், மேடையிலானாலும் வகுப்பிலானாலும் பத்திரிகையிலானாலும், நவாபை ஏமாற்றிய கல்லறைக் கதையை இனி விட்டுவிட வேண்டும். அதற்குப் பதில் அந்த உயிலில் சில பகுதிகளை உரக்கப் படிக்கலாம். தொழில் பழக அனுப்ப வேண்டிய பிள்ளையைப் பற்றிய வரி, கடன் சிறையிலிருந்து மீட்க வேண்டியவரைப் பற்றிய வரி, விடுவித்த அடிமைகளைப் பற்றிய வரி, ஒன்பது வயதில் வாங்கப்பட்ட பூலோனைப் பற்றிய வரி. படித்து முடித்ததும், கையில் காசில்லாத ஒரு வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆண்டு எத்தனை இடம் என்று யாராவது எழுந்து கேட்க வேண்டும். கேட்கிற குரல் ஒரு மாணவியின் குரலாக இருந்தால் இன்னும் நல்லது. இருபால் பிள்ளைகளுக்கும் என்று அந்த உயிலில் எழுதியிருக்கிறது.